மகா ஓயாச் சேறும் ஜவுபர் சேரின் முழங்காலும்

கிழக்கே கடலையும் மேற்கே வயலையும் சாட்சியாக நிறுத்திச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஓர் எழுத்துப் பொய் என்றாலும் இனி ஆயுளுக்கும் எனக்கு ஆட்டிறைச்சி செமிக்காமல் போகட்டும். கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. குறைத்துச் சொன்னது உண்டு. அதுவும் கேட்கிறவர்கள் நம்பவேண்டுமே என்பதற்காக.

சாய்ந்தமருதில் ஜவுபர் சேரைத் தெரியாத முழங்கால் கிடையாது. தலை நரைக்கும் வரை பாடசாலையில் உடற்பயிற்சி படிப்பித்தவர். பிந்தி வந்தால் முழங்கால், கதைத்தால் முழங்கால், நகம் வெட்டாவிட்டால் முழங்கால். வெயில் மணலில் அவர் முழங்காலில் நிற்க வைத்த பிள்ளைகளில் டொக்டரும் உண்டு, நீதவானும் உண்டு, மிச்சப் பேர் வியாபாரம். ஓய்வு பெற்ற பின்பும் அவர் பிரதான வீதியில் நின்று ஒரு தரம் விசில் ஊதினால், கடைக்குள் இருக்கிற பெரிய பெரிய முதலாளிமார் தங்களை அறியாமல் எழும்பி நேராக நிற்பார்கள். ஒருமுறை பஸ்ஸும் நின்றது.

அப்பேர்ப்பட்டவரின் முழங்கால்தான் அவரைக் கைவிட்டது.

முதலில் சத்தம் வந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கச் சுஜூதுக்குப் போகும்போது பாக்கு வெட்டுகிற மாதிரி. பிறகு விறகு முறிகிற மாதிரி. நோன்பு மாதம் வந்தபோது, அந்தச் சத்தம் பொறுக்காமல் பள்ளிவாசல் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் கூட்டமாகப் பறந்துபோய்க் காரைதீவுக் கோயில் கோபுரத்தில் குடியேறின. இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம்.

நோவை அவர் தாங்கினார். தாங்க ஏலாதது கதிரை.

முழங்கால் மடங்காதவர்கள் கதிரையில் இருந்து தொழலாம். மார்க்கம் இடம் கொடுத்த விஷயம். அந்தத் தெருப் பள்ளிவாசலின் முதல் வரிசை ஓரத்தில் முன்பெல்லாம் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரை கிடக்கும். அது உதுமாலெவ்வையுடையது. உதுமாலெவ்வை ஜவுபர் சேருடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவர், வயற்காரர். வாலிபம் முழுக்கச் சேற்றில் நின்று முழங்காலைத் தேய்த்தவர். ஜவுபர் சேரின் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் கலையும் முன்னே, அவர் அந்தக் கதிரையைக் கைகாட்டிச் சத்தமாகச் சொன்னார்: "இது பள்ளியா, படமாளிகையா? கதிரையெல்லாம் பின்னுக்குப் போகட்டும், செருப்புக் கழட்டுற பக்கம்!"

பழைய மாணவர்கள் சிலர் சிரித்தார்கள். சேர் பகிடி விட்டால் சிரிக்கவேண்டும் என்பது அவர்களுக்கு வகுப்பறையிலேயே பழகிப்போனது. உதுமாலெவ்வை எழும்பினார். கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, வரிசை வரிசையாகத் தாண்டிப் பின்னால் போனார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

இப்போது தன் முழங்காலுக்கு வந்த பின்தான் அந்த நடை ஜவுபர் சேரின் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. கதிரையின் கால் ஒன்று தரையில் உரசிக்கொண்டு போன சத்தம்கூட.

ஒரு வெள்ளிக்கிழமை சுஜூதிலிருந்து எழும்ப, பக்கத்தில் இருந்தவரின் சட்டையைப் பிடிக்கவேண்டி வந்தது. சட்டை கிழிந்தது. தொழுகை முடிந்ததும் பழைய மாணவன் ஒருவன் பணிவாகக் கேட்டான். "சேர், வாற கிழமைக்குக் கதிரை ஒண்டு போட்டு வைக்கவா?"

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் சேர்."

"எனக்கா? கதிரையா? சாரன் தடக்கினதுடா!"

சொல்லிவிட்டுத் திரும்பினால், செருப்புப் பக்கத்தில் உதுமாலெவ்வை பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஜவுபர் சேருக்குச் சுகமாக இருந்திருக்கும். வெட்கத்தில் அவருடைய காது இரண்டும் பற்றி எரிந்தன. பக்கத்தில் நின்றவர் சூடு தாங்காமல் ஓரடி விலகினார்.

அடுத்த ஜும்ஆவுக்குள் முழங்கால் மடங்கவேண்டும், மடங்கியது நிமிரவேண்டும், உதுமாலெவ்வை அதைப் பார்க்கவேண்டும். இதற்கு மேல் அவருக்கு இந்த உலகத்தில் தேவை ஒன்றும் இருக்கவில்லை.

காரைதீவுப் பாக்கியராசா சின்ன லொறியில் மீன் ஏற்றிக்கொண்டு மகா ஓயாப் பக்கம் போய் விற்கிறவர். சந்தையில் ஜவுபர் சேர் சூரை மீன் வாங்கக் குனிந்தபோது எழும்பிய சத்தத்தைக் கேட்டு, தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சேர், உங்களுக்கு ஊத்துச் சேறுதான் மருந்து."

"என்ன சேறு?"

"மகா ஓயாவில வெந்நீர் ஊத்து இருக்குதானே? அதுக்குப் பின்பக்கம், பத்தைக்குள்ள, ஒரு கொதிக்கிற சேத்துக் குழி இருக்கு. போன வருசம் நடக்க ஏலாத கிழட்டு எருமை ஒண்டு அதுக்குள்ள விழுந்திட்டு. கயிறு போட்டு இழுத்தம். வெளியில வந்தது துள்ளுற கண்டுக்குட்டி."

"அது வேற எருமைக்க கண்டா இரிக்கும், பாக்கியராசா."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன், சேர். ஆனா முதுகுல அதே குறி சுட்டிருந்திச்சு."

ஜவுபர் சேர் படித்த மனிதர், இதை நம்பவில்லை. நம்பாமலேயே புதன்கிழமை விடியச் சுபஹு தொழுத கையோடு லொறியில் ஏறினார். முன்னால் இருந்தால் ஊர் பார்க்கும் என்று பின்னால் மீன் பெட்டிகளுக்கு நடுவில் லொறி மூடுகிற படங்கைப் போர்த்திக்கொண்டு இருந்தார். அம்பாறை தாண்டியும் பூனைகள் லொறிக்குப் பின்னால் ஓடி வந்தன. உகணையில்தான் களைத்து நின்றன.

குழிக்குப் பக்கத்தில் போகவே முகம் வியர்த்தது. கறுத்துக் கொழுத்த சேறு, பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்கிற மாதிரிக் குமிழி விட்டுக் குமிழி விட்டுக் கிடந்தது. முட்டையைத் துணியில் கட்டி இறக்கினால் அவிந்து வரும். அவசரப்பட்டு எடுக்காமல் விட்டால் பொரித்த கோழியாகவே வரும் என்றார் பாக்கியராசா. அவருக்கு அதைக் காட்ட நேரம் இருக்கவில்லை, மீன் பழுதாகிவிடும்.

ஒரு பிடி சேற்றை எடுத்து ஜவுபர் சேரின் வலது முழங்காலில் அப்பினார்கள். அவர் கத்திய கத்தலுக்குப் பத்தைக்குள் இருந்து மயில் ஒன்று பதில் சொன்னது. பிறகு அவர் காலை மடக்கினார். சத்தம் இல்லை. நிமிர்த்தினார். சத்தம் இல்லை. இன்னொருமுறை மடக்கி, காதைக் கொண்டுபோய் முழங்காலில் வைத்துக் கேட்டார்.

"என்ன சேர் சொல்லுது?"

"ஒண்டும் சொல்லல்ல, பாக்கியராசா." காதை எடுக்காமலே சொன்னார்.

பெயின்ற் வாளி ஒன்றில் சேற்றை நிரப்பி, மூடியை இறுக்கிக் கொடுக்கும்போது பாக்கியராசா ஒரு புத்தி சொன்னார். "சூடு இருக்கும் வரைக்கும்தான் இது மருந்து. குளிர் பட்டா கல்லு. கடல் காத்துப் படாமப் பாத்துக்கங்க. கழட்டுறதுண்டா சுடுதண்ணி ஊத்தித்தான் கழட்டணும்."

"கடல் காத்துத்தானே? பாத்துக்கொள்ளலாம்."

வீட்டில் வாளியைப் பார்த்து மனைவி றாஹிலா கேட்டபோது "மரத்துக்குப் பசளை" என்றார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து குடியிருக்கிறவர். கலியாணத்தன்று றாஹிலாவின் வாசற்படியை ஒரே பாய்ச்சலில் தாண்டி உள்ளே வந்த மாப்பிள்ளை என்று அந்த வீட்டில் அவருக்கு இன்னும் ஒரு பெயர் இருந்தது. இப்போது அதே படியை அவர் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குகிறார் என்பது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

பசளை என்று சொன்ன குற்றத்துக்கு முருங்கை மரத்தடியில் கொஞ்சம் போடவேண்டி வந்தது. அடுத்த நாள் காலையில் றாஹிலா முற்றத்தில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்க! இந்த முருங்கைக்கு என்ன செஞ்சீங்க? நேத்து வரைக்கும் கூனிக்கிட்டு நிண்டிச்சு. இப்ப கொடிக்கம்பம் மாதிரி நிக்கிது. காய் புடுங்கிறது எப்பிடி?"

"நல்ல பசளை, புள்ள."

"அப்ப அதுல கொஞ்சத்தை நீங்களும் திண்டு பாருங்க." சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கேத்திலைக் கொண்டுபோய் வாளி மூடியின் மேல் வைத்தாள். இரண்டு நாளாக அந்த வீட்டில் காஸ் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜவுபர் சேர் குளித்து, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுளூச் செய்து, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு யோசித்தார். வுளூவுக்குக் கழுவுகிற உறுப்புகளில் முழங்கால் இல்லை. முழங்கை உண்டு, கணுக்கால் உண்டு; நடுவில் இருக்கிற முழங்காலை யாரும் கேட்கப்போவதில்லை. ஆணுக்கு மறைக்கவேண்டிய இடத்துக்குள் அது வருவதால் சாரனைத் தூக்கிப் பார்க்கிறவனும் இல்லை. மனம் தைரியமானது. இரண்டு முழங்காலிலும் சேற்றைத் தடிப்பாக அப்பி, பழைய துணியால் சுற்றி, மேலே புதுச் சாரனை உடுத்துக்கொண்டு, வாசற்படியை ஒரே பாய்ச்சலில் தாண்டினார். கடல் பக்கத்து ஒழுங்கையை விட்டு, சுற்றுப்பாதையால் பள்ளிக்குப் போனார்.

கடல் காற்றை நினைத்த மனிதர், பள்ளிவாசலில் நோன்புக்கு முன்பு புதிதாக ஏசி பூட்டியதை நினைக்கவில்லை. முதல் வரிசைக்கு நேர் மேலே ஒரு பெட்டி.

முதல் ரக்அத்தில், தொழுகையின் முதல் சுற்றில், அவர் சுஜூதுக்குப் போன அழகை நான் சொல்லி முடியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாதிரிப் போனார். எழும்பியதும் அப்படியே. பின்வரிசையில் உதுமாலெவ்வை பார்க்கிறார் என்பது முதுகுக்குத் தெரிந்தது. தொழுகையில் அதை நினைக்கலாமா என்று உடனே வெட்கம் வந்தது. வெட்கத்தோடு இரண்டாவது ரக்அத்துக்குப் போனார். கடைசிச் சுஜூதில் நெற்றியை வைத்தபோது இரண்டு முழங்காலும் குளிர்ந்து, மெல்ல மெல்ல இறுகி, கடைசியில் 'டக்' என்று பூட்டுப் போட்டன.

இமாம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். எல்லோரும் தலை தூக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜவுபர் சேர் எழும்பவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்தது. அவர் அப்படியே கிடந்தார்.

சனம் போகட்டும், பிறகு பார்ப்போம் என்று நினைத்தார். சனம் போகவில்லை. ஜும்ஆவுக்குப் பிறகு இவ்வளவு நேரம் சுஜூதில் கிடக்கிற மனிதரைக் கண்டு பக்தியோடு காத்திருந்தது. கடைசியில் ஒருவர் முதுகைத் தொட்டார்.

"சேர்? ... சேர்?"

என்னவென்று பதில் சொல்வது? தூக்கிவிடு என்றா? உதுமாலெவ்வை கேட்கவா? ஜவுபர் சேர் மூச்சை அடக்கினார். ஒரு காலத்தில் கல்முனைக் கடலில் முங்கி மருதமுனையில் எழும்பியவர். மூச்சு அவருக்குப் பிரச்சினை இல்லை.

"யா அல்லாஹ்! சேர் சுஜூதுல மவுத்தாகிட்டாரு!"

செத்துப்போனதாகவே சொல்லிவிட்டார்கள்; அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் போனார். அதற்குள் இன்னொரு குரல் அழுதுகொண்டே சொன்னது: "குடுத்து வச்ச மனுசன். எங்களுக்கெல்லாம் கிடைக்குமா இப்பிடி ஒரு மவுத்து?" உடனே பள்ளிவாசல் முழுக்க அழுகை. இதற்குப் பிறகு 'நான் உசிரோட இரிக்கன்' என்று எழும்புகிற முகம் அவரிடம் இருக்கவில்லை. எழும்பவும் ஏலாது, அது வேறு.

மாணவனாக இருந்த டொக்டர் ஓடி வந்து நாடியைப் பிடித்தார். ஆனால் சேரின் கையைப் பிடித்ததும், சின்ன வயதுப் பயத்தில் அவருடைய சொந்தக் கை நடுங்கத் தொடங்கியதால் ஒன்றும் எண்ண முடியவில்லை. சாரனுக்கு மேலால் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். கல். "விறைச்சிட்டு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். "ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் அல்ஹாஜ் ஜவுபர் அவர்கள் ஜும்ஆத் தொழுகையின்போது சுஜூதில் வபாத்தானார்கள்..."

அல்ஹாஜ்! ஹஜ்ஜுக்குப் போகாத மனிதர். கிடந்த கிடையில் அவருடைய காது மறுபடியும் எரிந்தது. நாலா பக்கமும் கைத்தொலைபேசிகள் ட்டிங் ட்டிங் என்று அடிக்கத் தொடங்கின. அவருடைய படம் ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. எந்தப் படத்தைப் போட்டார்களோ என்று ஒரு கவலை வந்தது. அந்தக் கவலைக்காகவும் வெட்கப்பட்டார்.

மடங்கியபடியே தூக்கினார்கள். மடங்கியபடியே வீதியால் கொண்டுபோனார்கள். மடங்கியபடியே றாஹிலாவின் வீட்டு முன்னறையில் பாயில் சரித்துக் கிடத்தி, வெள்ளைத் துணியால் மூடினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள், நல்லது சொன்னார்கள்.

"ஒருத்தரையும் நோகடிச்சுப் பேசாத மனுசன்."

"பெருமை எண்டு ஒரு சொட்டும் இல்ல."

"எங்கள முழங்கால்ல நிப்பாட்டினாரு. அதாலதான் மனுசனானோம்."

அடி தாங்கலாம். இது ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுகிற அறை மாதிரி விழுந்தது. தடவிக் கொடுக்கக் கையை அசைக்கவும் ஏலாது. பொய் என்று அவருக்குத் தெரியும், சொல்கிறவர்களுக்கும் தெரியும், ஆனால் செத்துக் கிடக்கிற மையத்தோடு யார் சண்டை பிடிப்பது? தான் உயிரோடு இருந்தபோது யாராவது ஒருவர் நேரே முகத்தைப் பார்த்துத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று முதன்முறையாக நினைத்தார்.

குளிப்பாட்டத் தண்ணீர் சூடாக்குகிறார்கள் என்று சனம் முற்றத்துக்குப் போனது. அறைக்குள் ஒருவர் மட்டும் வந்தார். நொண்டி நடை. துணியை மூடிக்கொண்டு கிடந்தாலும் அந்த நடையை ஜவுபர் சேருக்குத் தெரியும்.

உதுமாலெவ்வை பாயருகே வந்து நின்றார். பிறகு சுவரைப் பிடித்து, 'யா அல்லாஹ், யா அல்லாஹ்' என்று ஒவ்வொரு அங்குலமாக இறங்கி, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு முழங்காலைத் தரையில் ஊன்றினார். பல்லைக் கடித்த சத்தம் கேட்டது. வாயை ஜவுபர் சேரின் காதருகே கொண்டுவந்தார்.

"ஜவுபர். மச்சான். உனக்குக் கேக்காது எண்டுதான் சொல்றன். அண்டைக்கு நீ என்னைச் சனத்துக்கு முன்னால கதிரையோட பின்னுக்கு அனுப்பினாய். நான் வாய் திறக்கல்ல. ஆனா வீட்ட போய் துஆக் கேட்டன்டா. 'இவனுக்கும் ஒரு முழங்கால் நோவைக் குடு, யா அல்லாஹ்' எண்டு. ஒவ்வொரு வெள்ளியும் கேட்டன். நோவு மட்டும்தான் கேட்டன், மச்சான். மவுத்துக் கேக்கல்ல. சத்தியமாக் கேக்கல்ல. என்னைப் பொறுத்துக்க."

சொல்லிவிட்டு அழுதார். அழுது முடித்து எழும்பப் போனார்.

எழும்ப முடியவில்லை.

கையை ஊன்றினார். வழுக்கியது. சுவரை எட்டினார். எட்டவில்லை. முற்றத்தில் ஊரே நிற்கிறது. ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் ஓடி வந்து தூக்குவார்கள். உதுமாலெவ்வை சத்தம் போடவில்லை. மையத்து வீட்டில் வந்து விழுந்து கிடக்கிற கிழவன் என்று பேர் எடுக்க அவருக்கும் வெட்கம். மூச்சு வாங்கி வாங்கி, வாய்க்குள் முனகி முனகி, தவழ்ந்து பார்த்தார். அந்த முனகல் ஒவ்வொன்றும் ஜவுபர் சேருக்குத் தன் வாயிலிருந்து வருகிற மாதிரியே இருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தால் எல்லாம் முடிந்துவிடும். அல்ஹாஜ் ஜவுபர், சுஜூதில் வபாத். அதைவிட நல்ல பேர் இந்த ஊரில் யாருக்குக் கிடைக்கும்? அவர் கண்ணை இறுக்கி மூடினார். உதுமாலெவ்வையின் நெற்றி தரையில் மோதுகிற சத்தம் கேட்டது.

"வலது காலை முதல்ல ஊண்டு," என்றார் ஜவுபர் சேர். "கை ரெண்டையும் தொடையில வை. ஒண்டு, ரெண்டு..."

உதுமாலெவ்வை திரும்பிப் பார்த்தார். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஒரு கண் தெரிந்தது.

"நீ மவுத்தாகல்லையா?"

"இல்ல."

"அப்ப ஏன்டா கிடக்கிறாய்?"

"எழும்ப ஏலாமத்தான்."

"முழங்காலா?"

"ஓம்."

முற்றத்தில் யாரோ பந்தல் கம்பு நாட்டுகிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னது முழுக்கக் கேட்டாயா?"

"கேட்டன். உன்ட துஆ கபூலாகிட்டு, மச்சான். நல்லா வேலை செஞ்சிருக்கி." ஜவுபர் சேர் சேற்றுக் கதையை முழுக்கச் சொன்னார். எருமையை மட்டும் விட்டுவிட்டார்.

உதுமாலெவ்வை அவரை இரக்கத்தோடு பார்த்தார். "என்ட முழங்காலை எடுத்ததே சேறுதான்டா. அது உனக்குக் குடுக்குமா?"

"உன்னை அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது," என்றார் ஜவுபர் சேர். சொல்லும்போது துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து றாஹிலா சுடுதண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். பாயில் ஒருவர், தரையில் ஒருவர், இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் குடத்தை இறக்கிவைத்தாள். கூச்சல் போடவில்லை. குனிந்து புருசனின் சாரனை விலக்கிப் பார்த்தாள்.

"பசளை," என்றாள்.

"றாஹிலா, எனக்கு வெட்கமா இரிக்கி."

"உங்களுக்கு வெட்கமா? விதவையா இத்தா இருக்க வெள்ளைச் சீலை எடுத்து வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டு நிக்கிறன் நான்! படியால நண்டு மாதிரி இறங்கினதை இவ்வளவு நாளும் நான் பாக்காத மாதிரி இருந்தன். அதுக்கு இதுவா சம்பளம்?" குடத்துத் தண்ணீரை முழுக்க முழங்காலில் ஊற்றினாள். அவர் கத்தினார்.

அந்தக் கத்தலோடு முற்றத்தில் பாதிச் சனம் ஓடியது. மிச்சப் பாதி ஓடவேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, சேறு வடிய வடிய, உதுமாலெவ்வையை அவர் பிடிக்க, அவரை உதுமாலெவ்வை பிடிக்க, இரண்டு பேரையும் றாஹிலா பின்னால் நின்று தள்ள, ஜவுபர் சேர் வாசலுக்கு வந்தார். படியை இறங்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், நண்டு மாதிரிக்கூட இறங்க அந்தக் காலால் ஏலவில்லை.

"நான் மவுத்தாகல்ல," என்றார். "முழங்காலுக்குச் சேறு பூசினன். அது இறுகிட்டு. எழும்ப ஏலாமக் கிடந்தன். சொல்ல வெட்கப்பட்டன். இவனை நான் பின்னுக்கு அனுப்பினன். எனக்குக் கதிரையில இரிக்க வெட்கம். அவ்வளவுதான் விசயம்."

உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

"மறைக்காதீங்க சேர்," என்று டொக்டர் கண்ணீரோடு சொன்னார். "போய்த் திரும்பி வந்திருக்கீங்க. நாடி நிண்டதை நான் என்ட கையால பாத்தன்."

"மறு உலகத்துல என்ன கேட்டாங்க சேர்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"சேறுடா! சேறு!" சாரனை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கி, வழிகிற சேற்றைக் காட்டினார். அதை ஒரு கிழவர் விரலால் தொட்டு, கப்றுடைய மண் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். கப்று வெட்டப் போனவர்கள் பாதிக் குழியில் விட்டு வந்து அவரிடம் துஆக் கேட்டார்கள்.

அடிவாங்கத் தயாராக வந்த மனிதருக்குக் கிடைத்தது மரியாதை. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "கதிரை ஒண்டு கொண்டு வாங்க," என்றார் தளர்ந்துபோய். பக்கத்துக் கலியாண வீட்டு மாப்பிள்ளைக் கதிரையை, தங்க முலாம் பூசியதை, நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

"இதில்லடா. பிளாஸ்டிக் கதிரை."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு, கால் ஒன்று தரையில் உரச உரச, பள்ளிவாசலின் கடைசி மூலைக்குப் போய், செருப்புகளுக்குப் பக்கத்தில், உதுமாலெவ்வைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. ஒருவர் கண்ணிலும் படாமல் தொழுதுவிட்டுப் போனால் போதும் என்றிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது முதல் வரிசையில் ஆள் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. போய்த் திரும்பி வந்த மனிதருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று ஊர் முழுக்கப் பின்னால் வந்து நெருக்கிக்கொண்டு நின்றது. இமாம் முன்னால் தனியே நின்று கூப்பிட்டுப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை.

உதுமாலெவ்வையின் கதிரை சுவரோடு நசுங்கிக் கிடந்தது.

"மச்சான்," என்றார் அவர், மூச்சு முட்ட. "எனக்கெண்டு இருந்தது இந்த ஒரு மூலைதான். இதையும் எடுத்திட்டாய்."

ஜவுபர் சேர் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு, தன் கதிரையை ஒரு சாண் மறுபக்கம் நகர்த்தினார். அதற்கு மேல் இடம் இருக்கவில்லை.

சேறு தேடி யாரும் போகவேண்டாம்: மகா ஓயாவில் வெந்நீர் ஊற்றுகளுக்கெல்லாம் சீமெந்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள்; அள்ளுவதற்கு அங்கே ஒரு கரண்டி சேறும் கிடையாது.